பூசைக்குக் கழுவிய மெஷின்

ராஜபாளையத்தில் மனிதர்களுக்கு ஆளுக்கொரு நாள் பிறந்த நாள் வரும். மெஷின்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாள்தான், ஆயுத பூசை. அன்றைக்குத் தள்ளுவண்டியிலிருந்து மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் வரைக்கும் எதுவும் ஓடாது. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். மில்லில் ஃபிட்டராக இருந்த கருத்தையாவுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுக்க மறந்து மனைவி சண்முகத்தாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆயுத பூசைக்கு முதல் நாள் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார மட்டும் அவர் மறந்ததே இல்லை.

அந்தப் பழக்கமே ஒரு நாள் அவர் தலையில் கல்லைப் போடும் என்று யார் கண்டது?

கருத்தையாவின் கைக்கு வேலை தெரியும். வாய்க்குத்தான் ஒன்றும் தெரியாது. புது மெஷின் வந்து இறங்கினால் எஞ்சினியரிடம் போய் ‘இது என்ன, அது எப்படி’ என்று கேட்க மாட்டார். ஓரமாக நின்று பார்ப்பார். மறுநாள் தனியாக வந்து தொட்டுப் பார்ப்பார். கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடும் என்ற எண்ணம் அவருக்கு. பட்டறை ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு; இவருக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. அதற்குத் தகுந்தாற்போல மில்லின் கடைசி வருடத்தில் ஒரு சம்பவமும் நடந்தது. யாரோ தப்பாக மாட்டிய, நூல் சுற்றுகிற ஒரு ஸ்பிண்டிலுக்காகப் புதிதாக வந்த மேனேஜர் ஒருவன், மகன் வயசுக்காரன், மொத்த ஷிப்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கருத்தையாவை “போய்யா கிழவா” என்றுவிட்டான். அதன் பிறகு சில மாதத்தில் மில்லையே மூடிவிட்டார்கள். மில் மூடியதைக்கூட அவர் மறந்துவிட்டார். அந்த வார்த்தையை மறக்கவில்லை.

வேலை போன பிறகு வீட்டில் இருக்கிற மின்விசிறியை எல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். “ஓடுதத ஏன் நோண்டுதிய? பொழுது போகலைன்னா அய்யனார் கோவில் அருவிக்குப் போய்க் குளிச்சிட்டு வாங்க” என்று சண்முகத்தாய் விரட்டுவார். அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கனகலட்சுமி ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்.

கனகலட்சுமி பால்கோவா போடுகிறவர். வன்னியம்பட்டி போகிற ரோட்டில் அவருடைய பட்டறை. அடுப்பில் ஏறிய சட்டி இறங்கியதும் அடுத்த சட்டி ஏறும். பால்கோவா சாப்பிடுகிறவர்களுக்கு அதன் இனிப்பு தெரியும். அந்தச் சட்டிகளைக் கழுவுகிற தண்ணீரின் நாற்றம் பட்டறைக்குப் பின்னால் குடியிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பாலும் சர்க்கரையும் கலந்த கழுநீர் ஓடையில் நின்று புளித்துவிடும். அக்கம்பக்கத்தார் நகராட்சிக்கு நடையாய் நடந்து புகார் கொடுத்து, ஓடையில் விடக்கூடாது என்று உத்தரவே வாங்கிவிட்டார்கள். கனகலட்சுமி டேங்கர் லாரியை வைத்து அள்ளிக்கொண்டிருந்தார். அப்போதுதான் இந்து என்ற பெண் வந்து, “அந்தத் தண்ணிய எனக்குக் குடுங்கம்மா, நான் அதுல கரண்ட் எடுக்கேன்” என்று சொல்லியிருக்கிறாள்.

இந்து ஒரு எஞ்சினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி, சிவகாசிக்காரி. பட்டறையின் பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு, மூடி போட்ட தொட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் கம்பளி போலத் தடித்த கறுப்புக் கார்பன் துணியைத் தொங்கவிட்டு, ஒயர் இழுத்திருந்தாள். கழுநீரோடு ராஜபாளையம் மண்டியில் கழித்துப் போடுகிற மாம்பழமும் அழுகின காயும் அரைத்து ஊற்ற வேண்டும். அதைக் கவனித்துக்கொள்ள, நட்டுப் போல்ட்டு தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.

முதல் நாளே அவள் கருத்தையாவுக்கு விளக்கம் சொன்னாள்.

“இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இருக்கு அண்ணாச்சி. முதல்ல சாணி கரைச்சு ஊத்தியிருக்கோம், அதுலேர்ந்து வந்தது. நாம ஊத்துற கழுநீரையும் காயையும் அதுங்க தின்னும். திங்கும்போது கரண்டை வெளிய விடும். கறுப்புத் துணி அதை வாங்கி ஒயர்ல அனுப்பும். காத்து மட்டும் உள்ள போகக்கூடாது.”

“சரி மேடம்” என்றார் கருத்தையா.

அந்தச் ‘சரி’யில் பாதிதான் புரிந்த சரி. பூச்சிகள் தண்ணீரில் நீந்துகின்றன, துணி ஒரு வடிகட்டி என்று தன் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். மில்லில் பஞ்சுத் தூசியைப் பிடிக்கத் துணி வடிகட்டி உண்டு. அது தெரிந்த மனுஷனுக்கு இதுவும் அதுவாகத்தான் தெரிந்தது. பூச்சிகள் அந்தத் துணியில்தான் கொழகொழவென்று படிந்து குடியிருக்கின்றன, அந்தப் படிவு உருவாகத்தான் வாரக்கணக்கில் காத்திருக்கிறோம் என்பதை அவள் பிரித்துச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டும். அல்லது அவளாவது ஒரு மூடியைத் திறந்து காட்டியிருக்க வேண்டும்.

மற்றபடி அவர் அந்தக் கொட்டகையைக் கண்ணுங்கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். காலை பஸ்ஸில் ராஜபாளையத்திலிருந்து வந்து இறங்கியதும் முதலில் மீட்டரைத்தான் பார்ப்பார். அதைப் போனில் படம் பிடித்து இந்துவுக்கு அனுப்புவார். முள் நாளுக்கு நாள் ஏறியது. ஒரு நாள் சாயங்காலம் பட்டறை வாசலில் விளக்குகள் எரிந்தன. பெரிய வெளிச்சம் ஒன்றும் இல்லை, சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்குகள்தான். ஆனால் மறுபக்கம் வெளியேறுகிற தண்ணீரில் பழைய நாற்றம் பாதிகூட இல்லை. கனகலட்சுமி பால் கிண்டுகிற துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தார்.

“ஏ ஆத்தா! நான் கழுவிக் கொட்டுன தண்ணியா இப்படி எரியுது?”

கருத்தையா பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து இந்துவை ‘மேடம்’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு ‘தாயி’ என்று கூப்பிட ஆரம்பித்தார். மில் மூடின கதையையும், அந்த மேனேஜர் சொன்ன வார்த்தையையும் வேறு யாரிடமும் சொல்லாதவர், அவளிடம் சொன்னார். அவள், “நாலு பேர் முன்னாடி ஒருத்தரை அப்படிப் பேசக்கூடாது அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னாள்.

ஆயுத பூசை முடிந்த மறுவாரம் பணம் கொடுக்கிற நிறுவனத்திலிருந்து ஒரு குழு பார்வையிட வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் இதைவிடப் பெரிதாக, ஊரில் உள்ள மற்றப் பட்டறைகளின் கழுநீரையும் சேர்த்து ஒரு நிலையம் கட்டுவார்கள். இந்துவுக்கு இன்னும் சில வருடம் ஆராய்ச்சி நடக்கும். கருத்தையாவுக்கு நிரந்தரமாக ஒரு மெஷின் இருக்கும். கனகலட்சுமிக்கு டேங்கர் லாரி வேண்டாம். பிடிக்காவிட்டால் அத்தோடு சரி.

பூசைக்கு இந்து சிவகாசிக்குப் போனாள். போவதற்கு முன் கருத்தையா கேட்டார்.

“நம்ம மெஷினுக்கும் பூசை போட்டுருவமா தாயி?”

“தாராளமாப் போடுங்க அண்ணாச்சி. எனக்கும் பொரி எடுத்து வைங்க.”

அவள் மனதில் இருந்தது ஒரு மாலை, ஒரு பொட்டு, ஒரு தேங்காய். அவர் மனதில் இருந்த பூசையே வேறு. பிரிக்காத மெஷினுக்குப் பொட்டு வைப்பது, குளிக்காமல் கோவிலுக்குப் போவது மாதிரி அவருக்கு.

பூசைக்கு முதல் நாள் காலையில் அவர் மூடிகளைக் கழற்றினார். எவ்வளவு பதனமாகச் செய்தார் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பூச்சிக்குக் காற்றுப் படக்கூடாது என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்ததால் தொட்டித் தண்ணீரை மெதுவாக டிரம்களுக்கு மாற்றி, வாயை இறுகக் கட்டி, நிழலில் வைத்தார். உயிரை எல்லாம் பத்திரப்படுத்திவிட்டோம் என்ற திருப்தியில் கறுப்புத் துணிகளை வெளியே எடுத்தார். ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி அப்பியிருந்தது.

“அட கருமமே” என்றார். “இம்புட்டு அழுக்கையும் வச்சுக்கிட்டா இது ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு?”

சட்டியின் நெய்ப்பிசுக்கு போகக் கனகலட்சுமி வைத்திருந்த சலவைச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, துணிகளை முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்தார். பிளீச்சிங் பவுடரில் ஒரு அலசு அலசினார். வெயிலில் கொடி கட்டிக் காயப்போட்டார். கனகலட்சுமி எட்டிப் பார்த்து, “என்னண்ணே, புதுசு மாதிரி ஆக்கிட்டிய” என்றார். கருத்தையாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் மாட்டி, டிரம் தண்ணீரைத் திரும்ப ஊற்றி, மூடியை இறுக்கி, சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்தார். மீட்டர் முள் அசையவில்லை. பிரித்து மாட்டி ஓவராயில் பண்ணின ரிங் பிரேம்கூட எடுத்த எடுப்பில் வேகம் பிடிக்காது, செத்த நேரம் மொணங்கும். இதுவும் பொறவு பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தார். அதன் பிறகும் முள் அசையவில்லை. ஒயரைத்தான் திரும்பத் திரும்பத் திருகிப் பார்த்தார். இந்துவுக்குப் போன் போடலாமா என்று ஒரு தடவை போனைக் கையில் எடுத்தார். நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பிள்ளையைப் பயமுறுத்துவானேன் என்று திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். மீட்டர் படமும் அனுப்பவில்லை; பூசை லீவு என்று அவளும் கேட்கவில்லை.

மறுவாரம் லீவு முடிந்து, இந்து குழுவினரோடு நேரே அவர்கள் காரிலேயே வந்து இறங்கினாள். சந்தனமும் மாலையுமாக நின்ற தொட்டிகளைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. மீட்டரைப் பார்த்ததும் அது போய்விட்டது. ஒரு மூடியை லேசாகத் தூக்கி உள்ளே பார்த்தாள். மூடினாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், “என்னம்மா ஆச்சு?” என்றார்.

“பயோபிலிம் இல்ல சார்.”

“அப்படின்னா?” என்று கூட வந்த நிர்வாகி கேட்டார். அவர் படிப்பு வேறு போலும்.

“துணி மேல கொழகொழன்னு ஒண்ணு படிஞ்சிருக்கும் சார். அதுதான் கரண்ட் குடுக்கிற பூச்சி. அதுதான் மெஷினே. மத்ததெல்லாம் வெறும் டப்பா.”

ஒரு தட்டில் பொரிகடலையோடு நின்றுகொண்டிருந்த கருத்தையாவின் காதில் அது விழுந்தது. பிரஷ் பிடித்த கையைத் தட்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இங்க பாரும்மா. நடத்துறதுல ஏதும் கைத்தப்பு நடந்துபோச்சுன்னா சொல்லு, ரெண்டு மாசம் டைம் தரலாம், திரும்ப வளத்துக் காட்டு. டிசைனே தாங்கலைன்னா இத்தோட முடிச்சுக்குவோம். ரெண்டுல எது?”

இந்து கருத்தையாவைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சட்டை மடிப்புக் கலையாத நாலு பேர் நிற்கிறார்கள். ‘அழுக்குன்னு நெனச்சுத் தேச்சுட்டேன் சார்’ என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

“அண்ணாச்சி, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்களேன்” என்றாள் இந்து.

பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். டீக்கடை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்தான். கடைக்காரர் பிளாஸ்கை நிரப்பிக் கொடுத்துவிட்டார். கருத்தையா அதை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தார். இந்த லாரி போகட்டும், அப்புறம் போவோம். அந்த பஸ் போகட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசையாக அடுக்கினார். அடுக்கி முடிக்கிறபோதெல்லாம் அந்த மேனேஜரின் குரல் வந்து கலைத்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாராவது ஒருவர் சிரித்திருப்பார், இல்லை முகத்தைச் சுளித்திருப்பார். உயிரா போயிருக்கும்? இப்போது நமக்கு இப்படிக் கேட்கத் தெரிகிறது. அன்றைக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு உயிர் போவதைவிடப் பெரிதாகத்தான் அது இருந்தது.

கார் கிளம்பிப் போவதைப் பெஞ்சிலிருந்தே பார்த்தார்.

திரும்பி வந்தபோது இந்து ஒரு கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் தம்ளர்களை எடுத்து வைத்தாள். இரண்டு பேருக்கும் ஊற்றினாள். “குடிங்க அண்ணாச்சி, ஆறிரும்” என்றாள். இரண்டு பேரும் குடித்தார்கள். தம்ளர்களை அவர் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்பது கனகலட்சுமி வழியாகத்தான் அவருக்குத் தெரிய வந்தது. “டிசைன் சரியில்ல, என் தப்புதான்னு அந்தப் பிள்ளையே ஒத்துக்கிட்டாளாம்ண்ணே. படிச்ச படிப்பு அம்புட்டும் வீணு” என்று கனகலட்சுமி அடுப்படியிலிருந்தே உச்சுக்கொட்டினார். கருத்தையா தலையை ஆட்டினார். தலையை ஆட்டியதும் ஒரு பொய்தானே. அதுவும் சேர்ந்துகொண்டது.

தொட்டிகளைக் காலி செய்தார்கள். கொட்டகையைப் பிரிக்கிற அன்றைக்கு இந்து வந்து, அவருக்கு ஒரு வேட்டியும் சண்முகத்தாய்க்கு ஒரு சேலையும் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். கூலியாட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு அவள் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுக் கோயம்புத்தூரில் தண்ணீர் மோட்டார் விற்கிற கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டார். பட்டறைக்கு மறுபடியும் டேங்கர் லாரி வந்தது. கருத்தையா ஆலங்குளம் பக்கம் ஒரு கல் உடைக்கிற கிரஷரில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அங்கேயும் மெஷின் இருந்தது. அவர் தொடவில்லை. ஆயுத பூசை வந்தபோது, மாலை வாங்கிக் கொடுத்துவிட்டு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு வந்துவிட்டார். சண்முகத்தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சூடு ஒண்ணும் இல்லையே” என்றார்.

அதற்கு அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் கனகலட்சுமியைப் பார்த்தார். பந்தியில் பக்கத்து இலை. வேறு ஊர்ப் பால்கோவா வியாபாரி ஒருவர் இந்த மாதிரிக் கரண்ட் மெஷின் போடலாமா என்று யோசனை கேட்க வந்தாராம்.

“அதெல்லாம் ஆவாத வேலைன்னு சொல்லி அனுப்பிட்டேன்ண்ணே. நாமதான் கண்ணால பாத்தமே, ஒரு நாள் எரிஞ்சுச்சு, மறுநாள் அணைஞ்சுபோச்சு.”

கருத்தையா பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தார்.

“அது தானா அணையல. நான்தான் கழுவிட்டேன்” என்றார்.

“என்னத்த?”

“அந்தத் துணியில இருந்ததுதான் மெஷினாம். நான் அத அழுக்குன்னு நெனச்சு உங்க சோடாவப் போட்டுத் தேச்சுட்டேன். அந்தப் பிள்ள டிசைன்ல ஒரு கொறையும் இல்ல.”

கனகலட்சுமி அவரையே பார்த்தார். தன் கண்ணெதிரே கொடியில் காய்ந்த துணிகள்தான் அவை. ‘புதுசு மாதிரி ஆக்கிட்டிய’ என்று தானே சொன்னதும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சத்தம் போடவில்லை.

“இத ஏன் எங்கிட்டச் சொல்லுதிய?” என்றார். “யார்ட்டச் சொல்லணுமோ அவட்டச் சொல்லுங்க. போங்க, கையக் கழுவிட்டுப் போய்ப் போனப் போடுங்க.”

மண்டபத்து வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று போட்டார். நம்பர் மாறியிருக்கும், எடுக்க மாட்டாள் என்று உள்ளூர ஒரு ஆசை இருந்தது. எடுத்துவிட்டாள்.

“அண்ணாச்சி! எப்படி இருக்கீங்க? வீட்டுல அக்கா நல்லாருக்காங்களா?”

“தாயி, அன்னைக்கு அந்தத் துணிய நான்தான்…”

“தெரியும் அண்ணாச்சி.”

“தெரியுமா?”

“மூடியத் தூக்கினதுமே தெரிஞ்சிருச்சு. பளபளன்னு இருந்துச்சே. பிளீச்சிங் வாசம் வேற.” லேசாகச் சிரித்தாள். “நானும் உங்களுக்குச் சரியாச் சொல்லிக் குடுக்கல. என் தப்பும் இருக்கு.”

“பொறவு ஏன் தாயி அவிய கேட்டப்பச் சொல்லாம விட்ட? ரெண்டு மாசம் தாரேன்னாகளே!”

“நான் எப்படிச் சொல்ல முடியும்? கைத்தப்புன்னா யார் கைன்னு கேப்பாங்க. நாலு பேர் முன்னாடி உங்களக் கைகாட்ட எனக்கு மனசு வரல. அதான் டீ வாங்க அனுப்பினேன்.” அவள் தொடர்ந்தாள். “ஆனா நீங்களே வந்து சொல்லிருவீங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி. டீ வரட்டும் சார், டீ வரட்டும் சார்னு அவங்கள உக்கார வச்சிருந்தேன். வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். அவங்களுக்கு மதுரையில ஃப்ளைட்டு. அதுக்கு மேல நிறுத்த முடியல.”

உள்ளே நாதஸ்வரம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. கருத்தையா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“ரொம்ப தூரம் போயிட்டீங்களோ?” என்றாள் இந்து. “கடை பூட்டியிருந்துச்சா?”

“இல்ல தாயி” என்றார் கருத்தையா. “எதுத்த கடையிலதான் உக்காந்திருந்தேன்.”